ஒரு சொட்டு

போர்வை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் நின்ற இடத்திலேயே தள்ளாடினார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். மத்தியான வெயில் நீராவிக்குள் இறங்கி, பால் சிந்தின தண்ணீர் மாதிரி கூடமே மங்கலாக மிதந்தது. போர்வை கையை விட்டு நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"கண்ணப் பாருங்க மேடம், கோவைப்பழமாட்டம்!" என்றாள் இஸ்திரி போடுகிறவள். "எழுபது வயசாகியும் புத்தி வரலியே. குடிச்சுட்டுத்தான கூட்டாளியக் குத்திக் கொன்னாரு? மறுபடி ஆரம்பிச்சாச்சு."

"நீ உன் வேலையப் பாரு" என்றாள் மேற்பார்வையாளர். ஆனால் அவள் கண்ணும் பெரியவர் மேலேயே இருந்தது.

நன்னடத்தை பார்த்து முன்கூட்டியே விடுதலை செய்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்கள். ஒரு சொட்டு தொட்டாலும் திரும்ப ஜெயில். அவரை நம்பி வேலை கொடுத்தவள் அவள். தொட்டால் தகவல் சொல்ல வேண்டியவளும் அவளேதான்.

குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் கருவியை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தாள். வந்து ஆறு மாதமாகியும் உறை பிரிக்காமலே கிடந்தது.

"ஐயா, இதுல ஊதுங்க."

பெரியவர் முகம் வெளுத்துப் போனது.

"இன்னிக்கு வேணாம்மா."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றாள் இஸ்திரிக்காரி.

"ஊதுங்கய்யா."

ஊதினார். அப்படியே கையை நீட்டினார், விலங்கு மாட்டத் தயார் என்பது போல.

பூஜ்யம்.

அவள் நம்பாமல் மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடியும் பூஜ்யம்.

"குடிக்கவே இல்லியே! அப்புறம் எதுக்குய்யா இப்படி நடுங்கிட்டீங்க?"

"அப்ப... அது இதுல காட்டாதாம்மா?"

அழுக்குத் துணி மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எது?"

"கண்ண மூடினாப் போதும், செத்துப்போன அந்தக் கூட்டாளி வந்துடறான். கோவமே இல்லாம சிரிக்கிறான். ஊத்தி ஊத்திக் குடுக்கறான். அவன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றது? வாங்கிக் குடிச்சிடறேன். முழிச்சா வாயெல்லாம் அதே கசப்பு. இன்னிக்குக் காலைலகூட ஒரு நிமிஷம் கண்ணசந்துட்டேன்."

இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றிருந்தது.

"இனிமே தொடமாட்டேன்னு உங்ககிட்ட வாக்கு குடுத்திருக்கேன்" என்றார் பெரியவர். "அதான்மா, நாலு நாளா தூங்காமலே இருக்கேன்."