கடைசிப் பக்கத்து நம்பர்

"சார், கடலை அண்ணன் இன்னிக்கு முக்கால் மணி நேரம்! நானே வாட்ச்சைப் பாத்தேன்."

ஆய்வு மாணவி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். போட்டுக்கொடுக்கிறோமே என்றெல்லாம் அவளுக்குக் கூச்சம் வரவில்லை. கூச்சப்பட்டால் முனைவர் பட்டம் எப்போது வாங்குவது?

உளவியல் துறை அட்டெண்டருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவள்தான். வராந்தாவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, துறையின் பொதுப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, குழையக் குழையப் பேசுகிற ஐம்பது வயது மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

"ஃபைல் கேட்டா 'ஒரு நிமிஷம் மேடம்'னு கையைக் காட்டுறாரு சார். அந்தப் பக்கம் யாரோ சின்னப் பொண்ணு குரல் வேற!"

பேராசிரியருக்கு எரிச்சல். அடுத்த வாரம் பெரிய மாநாடு. 'காது கொடுத்துக் கேட்பதே முதல் மருந்து' என்று உரை எழுதிக்கொண்டிருந்தார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் பெரிய புள்ளி. அப்படிப்பட்ட அறுபது பேர் அவருடைய கேள்வித்தாளை ஒரு தடவை நிரப்பி, ஆறு மாதம் கழித்து வந்து மறுபடியும் நிரப்புவார்கள். அவரைப் பார்க்க அவருடைய மாணவர்களே பத்து நாள் முன்னால் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அது வேறு விஷயம்.

அட்டெண்டரைக் கூப்பிட்டார்.

"யாருய்யா அந்தப் பக்கம்?"

"சொல்லக் கூடாதுங்க சார்."

"ஓஹோ! பேராவது சொல்லலாமா?"

"பேரு கேட்டதில்லைங்க சார்."

"பேரே தெரியாம முக்கால் மணி நேரமா! இந்த வயசுல உனக்கு இது தேவையா? நாளையிலேர்ந்து கீழ்த்தளத்துல பழைய ஃபைல் ரூம். போ."

"எங்க வேணா போறேன் சார். அந்தப் போனை மட்டும் கூடக் கொடுத்தனுப்பிடுங்க."

மாணவி ஃபைலால் வாயை மூடிக்கொண்டாள். இல்லாவிட்டால் வெடித்துச் சிரித்திருப்பாள்.

"போனா? அதைப் பிடுங்கி என் பீரோல வைம்மா."

சந்தோஷமாகப் பிடுங்கினாள். சந்தோஷமாக வைத்தாள். அட்டெண்டர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"யாராவது எடுக்கணும் சார்..." என்று இழுத்தார்.

அடேயப்பா, என்ன ஒரு காதல்!

மூன்றாம் நாள் ஆராய்ச்சியின் இரண்டாவது சுற்று தொடங்கியது. முதலில் வந்தவள் ஒரு கல்லூரிப் பெண். ஆறு மாதம் முன்னால் குனிந்த தலை நிமிராமல் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடியவள், இப்போது கண்ணைப் பார்த்துப் பேசினாள். மாணவிக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் நம் கேள்வித்தாளின் மகிமை என்று சார் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார்.

"முப்பத்தெட்டாவது கேள்வி. காயப்படுத்திக்கணும்னு தோணினப்ப என்ன செஞ்சீங்க?"

"நீங்க கொடுத்த பேப்பர்ல இருந்த நம்பரைக் குறிச்சு வெச்சிருந்தேன், அதுக்குப் போன் பண்ணேன்."

"எந்த நம்பர்?"

அந்தப் பெண் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். 'மனம் கலங்கினால் அழையுங்கள்.'

மாணவி டைப் அடித்ததுதான். உதவிக்கு ஒரு நம்பர் போட்டால்தான் அனுமதி என்று ஆய்வு நெறிமுறைக் குழு அடம்பிடித்தது. "ஏதோ ஒண்ணைப் போடும்மா, யாரு கூப்பிடப் போறா?" என்றார் சார். சாருடைய நம்பரைப் போட முடியுமா? தன் நம்பரைப் போட்டுத் தொல்லையை விலைக்கு வாங்குவாளா? வராந்தா போன் நம்பரைப் போட்டாள். அன்றைக்கே மறந்தும் போனாள்.

"ஒரு அண்ணன் எடுப்பாரு மேடம். அறிவுரையே சொல்ல மாட்டாரு. 'நான் எங்கயும் போகலம்மா, லைன்லயே இருக்கேன், நீ அழு'ன்னுவாரு. மனசு அடங்குற வரைக்கும் வைக்க மாட்டாரு. 'டாக்டரைப் பாத்தியாம்மா'ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு, இப்ப ஒழுங்காப் போயிட்டிருக்கேன்."

மாணவியின் பேனா நின்றுவிட்டது.

"ரெண்டு நாளா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, யாருமே எடுக்கல. அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா மேடம்? அதைக் கேக்கத்தான் முதல் ஆளா வந்தேன்."

தூக்கிவாரிப்போட்டது மாணவிக்கு. அறுபது பேர் கையிலும் அதே நம்பர்!

"இங்கயே இரும்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் அறைக்கு ஓடினாள். சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அட்டெண்டரா? அந்தப் பதிலையெல்லாம் எடுத்துடு. ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத விஷயம். போம்மா, எனக்கு இப்ப எதையும் கேக்க நேரமில்லை."

காது கொடுத்துக் கேட்பதே முதல் மருந்து. மூன்றாவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் கண் முன்னாலேயே பீரோவைத் திறந்தாள். போனை எடுத்து வராந்தாவில் மாட்டினாள். படிகளில் தடதடவென்று கீழே இறங்கினாள்.

அட்டெண்டர் பழைய ஃபைல்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"மேல வாங்கண்ணே, ஒரு பொண்ணு உங்களுக்காகக் காத்துட்டிருக்கு." அதற்கு மேல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்பாட்டுக்கு உங்களை என்னென்னமோ..."

அவர் விழித்தார்.

"எப்படி மேடம் சொல்றது? அறுபது காப்பி ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னீங்களே, அப்பவே படிச்சேன். 'நீங்கள் அழைத்ததுகூட யாருக்கும் தெரியாது'ன்னு நம்பருக்குக் கீழ நீங்கதானே அடிச்சிருந்தீங்க?"