கீழே உள்ள விண்டோஸ்

"ரெண்டுல எத அழிக்க, அக்கா?" என்று ஹிஷாம் கேட்டான்.

கேட்டானே ஒரு கேள்வி! கிருஷ்ணகுமாரி அவன் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தெஹியோவிட்டவில் கம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். ஒரே பெட்டிக்குள் இரண்டு விண்டோஸ் கிடந்தால் ஒன்றை அழிக்கத்தான் பார்ப்பான்.

இந்தக் கோலத்துக்குக் காரணமும் அவன்தான். போன வருச மழைக்காலத்தில் ஒரு நாள் வந்து, பழையதை அழிக்காமலே பக்கத்தில் புதியதைப் போட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து கம்பியூட்டரைப் போட்டால் நீலத் திரையில் ஒரே பெயர் மேலும் கீழுமாக வரும். மேலே உள்ளது புதியது, கீழே உள்ளது பழையது.

அன்று சாயங்காலம்தான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே மண் சரிந்தது.

தண்ணீருக்குக் கிளம்பியவள் கிருஷ்ணகுமாரி. வாளியைக்கூட எடுத்துவிட்டாள். மகள் விஜயகலா அதைப் பிடுங்கிக்கொண்டு, "நீங்க இருங்கம்மா, நான் போறேன்" என்று ஓடினாள்.

ஓடின பிள்ளை திரும்பி வரவில்லை.

இப்போது கம்பியூட்டருக்கு மேலே சுவரில் படமாக இருக்கிறாள். பிளாஸ்டிக் மாலை, பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மத்தியானம், கிருஷ்ணகுமாரி கை தவறிக் கீழே உள்ளதைத் தொட்டுவிட்டாள்.

அங்கே விஜயகலா உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

புது டை கட்டிக்கொண்டு ஸ்கூல் கேட்டுக்கு முன்னால் ஒரு போட்டோ. தீபாவளிக்கு மயில்கழுத்து நிறப் பஞ்சாபி உடுப்போடு ஒன்று. இன்னொன்றில் முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள். யாரைக் கேட்டு வெட்டினாளோ, கழுதை! எல்லாமே மண் சரிந்த பிறகு எடுத்தவை.

யாரிடம் சொல்ல? புருசன் இந்திரகுமாரிடம் சொன்னால் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து நூல் கட்டிவிடுவான். அவன் ரப்பர் பெக்டரிக்குப் போன பிறகு, சோற்றுத் தட்டோடு கீழே உள்ளதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒவ்வொரு தரமும் புதிதாக ஏதாவது வந்திருக்கும். மகளைப் பார்த்துக்கொண்டே தின்றால்தான் சோறு இறங்கியது.

எதிலும் கிருஷ்ணகுமாரி இல்லை. அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. இந்த வீட்டில் எப்போதும் போட்டோ பிடிப்பவள் அவள்தானே. பிடிக்கிறவள் எந்தப் படத்தில் விழுவாள்?

இப்போது பெட்டி நிறைந்து, திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இந்திரகுமார்தான் ஹிஷாமை வரச் சொன்னான்.

"யாரும் தொறக்காத விண்டோஸ் எப்பிடி அக்கா பெருத்துக்கிட்டே போகுது? இப்பிடியே விட்டா ரெண்டும் போயிரும்" என்றான் ஹிஷாம். எல்லாவற்றையும் தயாராக்கி வைத்திருந்தான். சின்னக் கட்டத்துக்குள் இரண்டு பெயரும் மேலும் கீழுமாக நின்றன. ஒன்றைத் தொட்டு அமுக்கினால் முடிந்தது.

அதற்குள் அவன் போன் அடித்தது. வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் வாசலுக்குப் போனான்.

கட்டத்துக்குப் பக்கத்தில், பழையதின் போட்டோக்களை அவன் திறந்தபடியே விட்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

இதே அறை. இதே கதிரை. அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஹிஷாம், இன்றைக்குப் போட்டிருக்கும் அதே கோடு போட்ட சட்டையோடு. அவனுக்கு மேலே சுவரில் பிளாஸ்டிக் மாலை, சிவப்பு பல்ப்.

மாலைக்குள், நாத்தனார் கலியாணத்துக்குக் கட்டிய பச்சைச் சேலையில், கிருஷ்ணகுமாரி.

அங்கே தண்ணீருக்குப் போனவள் அவள்.

பயம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படித்தானே நடந்திருக்க வேண்டும்!

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அங்கேயும் ஹிஷாம் வந்திருக்கிறான். அங்கேயும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பான். இவள் அங்கே பார்த்த மாதிரி, விஜயகலாவும் இத்தனை நாளாக இங்கே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அவள் என்ன பதில் சொல்வாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

"தம்பி! மேல உள்ளத அழிங்க, நாம இருக்கிறத அழிச்சிருங்க!"

வாசலில் ஹிஷாம், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே இருந்தான்.

யாரும் தொடாமலே திரையில் அம்பு நகர்ந்தது.

கிருஷ்ணகுமாரி பாய்ந்து மௌஸைப் பிடித்தாள், இழுத்தாள். அவள் கைக்கு அது அசையவில்லை.

அம்பு மெதுவாக இரண்டு வட்டம் போட்டது. கொரோனா நேரத்து ஒன்லைன் வகுப்பில் விஜயகலா அப்படித்தான் செய்வாள். எதை அமுக்குவதென்றாலும் முதலில் இரண்டு வட்டம். "ராட்டினம் சுத்தாம அமுக்குடி" என்று எத்தனை தரம் ஏசியிருப்பாள்.

வட்டம் போட்டுவிட்டு அம்பு கீழே இறங்கியது.

"அடியேய், வேணாம்டி!"

அலறிய அலறலில் ஹிஷாம் போனையும் காதில் வைத்தபடி ஓடிவந்தான். திரையைக் குனிந்து பார்த்தான். கட்டத்துக்குள் மேலே உள்ள பெயர் மட்டும்தான் இருந்தது.

"அட, நீங்களே அழிச்சிட்டீங்களா?" என்று சிரித்தான். "பயப்படாதீங்க அக்கா, சரியானதத்தான் அழிச்சிருக்கீங்க."