இங்கே பாலம் உள்ளதா?

மணி பதினொன்றாகியும் ஒரு கார்கூட ஆற்றுக்கு வரவில்லை.

வர்க்கிச்சன் சேட்டன் படித்துறையின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, வாயில் விசில், கண் சாலையில்.

முப்பத்தோரு வருடம் தனியார் பேருந்தில் கண்டக்டர். ஓய்வு பெற்றபோது பையைத் திருப்பிக் கொடுத்தார். விசிலைக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் ஆற்றைக் கடக்கப் படகுதான். பாலம் கைபேசி வரைபடத்தில் மட்டும் உண்டு. இருவழிப் பாலம்.

ஆகவே சங்கனாச்சேரிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கல்யாணம் செய்துகொள்ளவே போகிறவர்கள் என்று தினமும் ஏழெட்டுக் கார் படித்துறைக்கு வரும். காருக்குள் ஒரு பெண் குரல், நேராகச் செல்லுங்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் விசில் கேட்கும்.

"வரட்டும், வரட்டும்... ஒடி, வலதுல ஒடி! லைசன்ஸ் என்ன சாரே, சர்ச் பெருநாள் கடைல வாங்கினதா?"

இருபுறமும் மதில் உள்ள சந்தில் இருநூறு மீட்டர் பின்னாலேயே கொண்டுபோய், கூரையில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவைப்பார். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையோடு முன் சீட்டில் ஏறிப்போய்த் தாலி கட்டவைத்து, பிரியாணியும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். இருட்டியதும் படித்துறைக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, டியூட்டி முடிந்த முகத்துடன் வீட்டுக்குப் போவார்.

நான் டிட்டோ, பி.ஏ. தத்துவம், இறுதியாண்டு. 'வாழ்வின் பொருள்' தாளில் இரண்டு முறை அரியர். மூன்றாம் முறைக்கு ஓர் அசைன்மென்ட் கொடுத்திருந்தார்கள். ஊருக்குப் பயனுள்ள செயல் ஒன்றைச் செய்து, ஆதாரத்துடன் சமர்ப்பிக்க வேண்டும். பத்து மதிப்பெண்.

முந்தின நாள் கட்டிலில் படுத்தபடியே வரைபடத்தில் இருந்த பாலத்தை அழித்தேன். இங்கே பாலம் இல்லை என்று நானும் நண்பர்கள் ஐந்து பேரும் அழுத்தினோம். காலையில் நன்றி வந்தது.

அந்த நன்றியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எடா டிட்டோ, இன்னிக்கு ஹர்த்தாலா?"

"இல்ல சேட்டா."

"அப்புறம் ஏன் ஒருத்தனையும் காணோம்? நமக்குத் தெரியாம பாலம் கட்டிட்டானுங்களா?"

திரும்பி ஆற்றைச் சரிபார்த்தார். ஆறு அப்படியேதான் இருந்தது.

பதினொன்றரைக்கு விசிலைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டார். ஒருமுறைகூட ஊதாத விசிலைத் துடைத்து அவரை நான் பார்த்ததில்லை.

"வீட்டுக்குப் போறேன்டா. திரேசியாவுக்காவது ஒத்தாசையா இருக்கலாம்."

அவர் மனைவி திரேசியாம்மா சேச்சி அப்போதுதான் தேநீர்த் தூக்கோடு வந்துகொண்டிருந்தார். அந்த வாக்கியம் காதில் விழுந்திருக்க வேண்டும். தூக்கு ஓர் ஆட்டம் ஆடியது.

"ஒரு ஒத்தாசையும் வேணாம். இங்கயே நில்லு மனுஷா, வருவாங்க. இதக் குடி."

பிறகு என்னைப் பலாமரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கைபேசியை நீட்டினார்.

'நீங்கள் சேர்த்த பாலம் நீக்கப்பட்டுள்ளது. வருந்துகிறோம்.'

நீங்கள் சேர்த்த.

"மூணாவது தடவடா" என்றார் ரகசியக் குரலில். "மொதல்ல வார்டு மெம்பர் இடிச்சான். அப்புறம் சர்ச்சுக்கு வந்த புது ஃபாதர். இப்ப நீ. உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. எத்தன தடவதான் ஒரு பொம்பள ஒத்தையா பாலம் கட்டுவா?"

"சேச்சி, எதுக்கு..."

"ரிட்டயரான மறுநாளே அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு. மீன் கொழம்பு எறக்க ஒரு விசில், சோறு வடிக்க ரெண்டு விசில். அதையெல்லாம் தாங்கிட்டேன். மூணாம் மாசம் விசிலும் நின்னுபோச்சு. செவுத்தையே பார்த்துட்டு உக்காந்துட்டாரு. அதத்தான் தாங்க முடியல."

என் கைபேசியை எடுத்தேன். சேச்சி அதற்குள் பாலத்தை மறுபடி கட்டி முடித்திருந்தார். இங்கே பாலம் உள்ளதா என்று அது என்னிடம் கேட்டது.

படியில் டம்ளரோடு நின்றவரைப் பார்த்தேன். தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

ஆம் என்று அழுத்தினேன். நண்பர்கள் ஐந்து பேரையும் அழுத்தச் சொன்னேன். நேற்று இல்லாத பாலம் இன்று எப்படி வந்தது என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் தத்துவ மாணவர்கள்.

இரண்டாம் டம்ளர் ஆறுவதற்குள் சந்து முனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது.

அந்த விசில் அக்கரைவரை கேட்டிருக்கும். டம்ளர் எங்கே போய் விழுந்ததென்று யாரும் பார்க்கவில்லை.

"ஒடி, ஒடி! இது ரோடு சாரே, உங்க மாமியார் வீட்டு முற்றம் இல்ல!"

நான் கிளம்பினேன். சேச்சி சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க போற? இன்னொண்ணுக்கும் நீ ஆமான்னு அழுத்தணும். தாலுக்கா ஆபீஸ் பிலிப்போஸ் முப்பத்தொண்ணாந்தேதி ரிட்டயராகுறாரு. அவரு பொண்டாட்டி சூசம்மா நேத்தே வந்து அழுதுட்டுப் போனா."

பார்த்தேன். வரைபடத்தில் பிலிப்போஸ் வீட்டு வாசலில் ஒரு சினிமா தியேட்டர் எழும்பிக்கொண்டிருந்தது.

"தியேட்டரா சேச்சி?"

"முப்பது வருஷமா வர்றவங்ககிட்ட எல்லாம் 'இங்க இல்ல, இங்க இல்ல'ன்னே சொன்ன மனுஷன்டா. திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்குமா?"

நியாயமாகத்தான் பட்டது. தினம் எத்தனை காட்சி என்று கேட்டேன்.

சேச்சி கொஞ்சம் யோசித்தார்.

"நாலு போடு. ஞாயித்துக்கிழமை மட்டும் அஞ்சு."