மேலிருந்து வரும் கை

"மேல இருந்து மட்டும் கையக் கொண்டு போயிராதக்கா. பருந்துன்னு நெனச்சுக் கடிச்சிரும். பக்கவாட்டுல, வயித்துக்கு அடியில விடு."

அக்கா அப்படியே செய்தாள். முறுக்கு, அதுதான் என் வெளிநாட்டு மலைப்பாம்பு, சீறுவதை நிறுத்திவிட்டு அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அத்தானின் பெல்ட் விழுந்த இடம் அங்கே இன்னும் கன்றிப்போயிருந்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"கடிச்சிட்டா?"

"இழுக்கக் கூடாது. பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், இழுத்தா சதை கிழிஞ்சிரும். சும்மா இருந்தா அதுவே விட்டுரும். பயத்துலதான் கடிக்குது, பாவம்."

"பயத்துலயா" என்று மூன்று முறையாவது கேட்டிருப்பாள்.

அவளைத் திரும்ப அழைத்துப்போக அத்தான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் பாம்பை மெதுவாகப் பெட்டிக்குள் விட்டாள்.

"அக்காவும் தம்பியும் பாம்பாட்டியாயிட்டீங்களா? கெளம்புடி. இனிமே கை நீட்டமாட்டேன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்ல."

சிரித்தபடியே அவள் தலையைத் தடவக் கையை நீட்டினார், மேலிருந்து.

அக்கா அவர் கட்டைவிரலைக் கடித்தாள். கண்கூட இமைக்கவில்லை. அவர் இழுத்தார். ரத்தம் அவள் தாடையில் வழிந்தது. இன்னும் பலமாக இழுத்தார்.

"விடச் சொல்லுடா மாப்ள, வெரலு போகுதுடா."

இழுக்காமல் இருந்தால் அவளே விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் குனிந்து பாம்புப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கணுமா, நீங்க என்ன நெனக்கிறீங்க?