ஐந்தாம் வருடத்துக் குமிழ்

அறையில் இருந்தவர்கள்: அவள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஞானசுந்தரி மேடம். ஆய்வக உதவியாளர் சூசைராஜ்.

மேசையில் நேற்றைய மைசூர்பாகு, பாதி டப்பா.

விளக்கின் கீழ் ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள் ஒரு குமிழ் மேலே ஏறியது. உடைந்தது. இன்னொன்று ஏறியது.

ஐந்து வருடமாக அவள் காத்திருந்தது இந்தக் குமிழுக்குத்தான்.

புட்டியில் வளர்த்தது ஊதா பாக்டீரியா. வெளிச்சத்தில் வாழும். ஆக்ஸிஜன் விடாது. ஆக்ஸிஜன் பட்டால் சாகும். பல நூறு கோடி வருடங்களுக்கு முன் இதைப் போன்ற ஏதோ ஒன்று தண்ணீரை உடைக்கக் கற்றது. ஆக்ஸிஜன் அப்படித்தான் வந்தது. எப்படிக் கற்றது என்று சரியாகத் தெரியாது.

அதன் உணவான கந்தகக் கரைசலை வாரம் ஒரு சொட்டாகக் குறைத்தாள். பட்டினி கிடந்தால் இதுவும் கற்கும் என்று நினைத்தாள்.

அதன் அழுகிய முட்டை நாற்றம் தலைமுடியில் தங்கிவிட்டது.

நேற்றுக் காலை குமிழ் வந்தது. இனிப்பு வாங்கி வந்தாள்.

மேடம் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார்.

"நீயே பாரு."

பார்த்தாள். பச்சை இழைகள். மொட்டைமாடித் தொட்டிச் சுவரில் வழுக்கும் அதே பச்சைப் பாசி. அது விட்ட ஆக்ஸிஜனில் ஊதா மொத்தமும் செத்து அடியில் படிந்திருந்தது.

ஆதியில் நடந்ததும் இதுதான். அன்று புட்டி பூமியளவு பெரிது, அவ்வளவே.

"காய்ச்சி வடிச்ச தண்ணி தீந்துபோச்சும்மா. தொட்டித் தண்ணியிலதான் புட்டிய அலசுனேன்," என்றார் சூசைராஜ். "தண்ணிதானேன்னு."

"மைசூர்பாகுக்கு முன்னாடி ஒரு ஸ்லைடு போட்டுப் பாத்திருக்கலாம்ல," என்றார் மேடம்.

ஆய்வை முடிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. இனி நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது.

மேடம் போய்விட்டார்.

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். மாசு கலந்தது என்று எழுதினாள். புட்டி கழுவியவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

சூசைராஜ் அதைப் படித்தார். விளக்கின் சுவிட்சில் கை வைத்தார்.

"எரியட்டும்ண்ணே. அந்தப் பச்சையாவது இருக்கட்டும்."

தாழ்வாரத்துக்கு வந்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வரை எண்ண முடிந்தது.

பிறகு இழுத்தாள்.

பின்னால் சூசைராஜ் கதவைச் சாத்தினார். பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.