ஒரு விரல் பட்டது

சீட்டைப் படித்ததும் விண்கல் ஆய்வகத்து எடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இடது பக்கம். கையுறை இல்லாமல் ஒரு விரல் பட்டது."

கண்ணாடிப் பெட்டிக்குள் விண்கல்லின் பக்கத்தில் கிடந்த சீட்டில் அவ்வளவுதான். தடித்த கையுறையோடு பென்சில் பிடித்து எழுதிய கோணல்மாணல் எழுத்து.

பாவி, எவன் கை அது?

பனிக்கண்டத்துக்குக் கல் பொறுக்கப் போகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே, வெறுங்கையால் தொடாதே என்பதுதான். இடுக்கியால் எடு, பையில் போடு, மூக்கு ஒழுகினால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். அந்தக் குழுவில் போனவர்கள் எட்டுப் பேர். இந்த ஆய்வகத்தில் தனக்கு மேலதிகாரியான அக்காவைக் கழித்துவிட்டு, மற்ற ஏழு பேரையும் எடைக்காரர் மனதுக்குள் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார்.

அக்கா இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கல்லிலிருந்து சுரண்டிய துணுக்கை நேற்றே ஒளி புகும் அளவுக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்தார். இப்போது மைக்ரோஸ்கோப்பில் கண்ணை நட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கண் லேசுப்பட்டதல்ல. மற்றவர்கள் இரண்டு நாள் மெஷினில் போட்டுப் புரட்டிச் சொல்வதை அக்கா ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். அப்புறம் மெஷினும் அதையேதான் சொல்லும். பதினொரு வருடத்தில் ஒரு தடவையாவது தவறிவிடாதா என்று பந்தயம் கட்டித் தோற்றவர்களில் எடைக்காரரும் ஒருவர்.

"எழுதிக்கோ தம்பி. கரிமக் கல். களிமண் நிறைய இருக்கு, தண்ணி பார்த்த கல்லு. குட்டி உருண்டைங்க பாதி கரைஞ்சும் கரையாமலும் நிக்குது. தண்ணி பட்டு மாறின கணக்குல ரெண்டாம் படி. அடேயப்பா, என்ன அழகு! நீயே வந்து பாரேன்."

எடைக்காரர் குனிந்து பார்த்தார். கன்னங்கரேலென்ற மாவுக்குள் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள். பூமி என்று ஒன்று உருவாவதற்கு முன்பே திரண்டவை. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மொத்தக் கல்லும் பதினான்கு கிராம், சின்ன நெல்லிக்காய் அளவு. இத்தனை காலம் யார் கையிலும் சிக்காமல் வந்து, கடைசியில் ஒரு விரலிடம் மாட்டிக்கொண்டதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? இப்படியொரு கல்லுக்காக அக்கா ஒன்பது வருடம் காத்திருந்தவர். கை படாத கல் என்றால், உயிருக்கு விதையான பொருள்கள் உள்ளே இருக்கின்றனவா என்று தேடும் வேலை இதே அறையில், அக்கா தலைமையில் தொடங்கும். பட்ட கல் என்றால், விரலின் வியர்வை எது, விண்ணிலிருந்து வந்தது எது என்று பிரிக்க முடியாது. பட்ட பக்கத்தைச் செதுக்கிக் கழிக்கலாம் என்றால் இவ்வளவு சின்னக் கல்லில் அதற்கும் இடமில்லை. வகையை எழுதி அலமாரியில் வைக்க வேண்டியதுதான். மாடியிலிருந்து இயக்குநர் வேறு முடிவு கேட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

கல்லைப் பதிவு செய்யும் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி பாக்கி. கை பட்டதா, இல்லையா?

எடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இந்தச் சீட்டு காணாமப் போச்சுன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

சொல்லிவிட்டு அக்கா 'பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கண் கலங்கியிருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

இப்படியும் ஒரு மனுஷி! எவனோ செய்த தப்புக்குத் தன் ஒன்பது வருடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாரே!

சீட்டை ஃபைலில் சேர்க்க வேண்டும். எடைக்காரர் பெட்டியில் பொருத்தியிருந்த ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு, சீட்டைப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே எடுத்தார். அப்போதுதான் அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது.

"பனியில் பார்த்ததுமே இன்ன கல் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கை தானாகப் போய்விட்டது. தப்பு என்னுடையது."

அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. பதினொரு வருடமாக எடைக்காரரின் லீவு லெட்டர்களில் எல்லாம் அனுமதி தந்து விழுகிற அதே கையெழுத்து.