கண் விழித்திருக்கும்போதே

மீஞ்சூர் வீட்டுக் கூடத்தில், ஜன்னல் வெயில் தடித்த மானிட்டரின் பாதியை வெளுக்க வைக்கிறது. மடியில் விழித்துக் கிடக்கும் மகனுக்கு ரமீஸா புதுத் தொப்பி போட்டிருக்கிறாள். துபாயில் மதிய இடைவேளை முடிவதற்குள் நியாஸ் தன் பிள்ளையை முதன்முதலாகப் பார்த்துவிட வேண்டும். முகம் பார்த்துப் பேசும் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி, கம்ப்யூட்டர் கடைக்காரர் விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொடுத்த லினக்ஸில் ஏற்றப் பார்க்கிறாள் நாத்தனார் சிஃபா. கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்கிறது. அடிக்கிறாள், எழுத்தும் விழவில்லை, புள்ளியும் விழவில்லை. “இன்னாடி, கீபோர்டு செத்துப்போச்சா?” என்கிறாள் ரமீஸா. சிஃபா அதைக் கவிழ்த்துத் தட்டுகிறாள், தூள் உதிர்கிறது. “நேத்து வந்த கீபோர்டு மேல முறுக்கு துன்னது யாரு அண்ணி?” மறுபடி அடித்து, திரையில் ஒன்றும் தெரியாமலே எண்டரை அழுத்துகிறாள். கடவுச்சொல் கண்ணுக்குக் காட்டாமலே உள்ளே போயிருக்கிறது. சடசடவென்று ஆங்கில வரிகள் ஓடி நிற்கின்றன. கர்சர் மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது. “ஏறிடுச்சா?” “தெரியலயே. ஐக்கான் எங்கயும் காணோம்.” ரமீஸாவின் காதோடு ஒட்டிய செல்போனில் நியாஸின் குரல்: “பையன் முழிச்சிக்கினு இருக்கானா?” அவள் குனிந்து பார்க்கிறாள். தொப்பி நழுவி, குழந்தை தூங்கிவிட்டது. அதன் உள்ளங்காலைக் கட்டைவிரலால் மெல்லச் சுரண்டியபடி, “முழிச்சிக்கினுதாங்க இருக்கான்” என்கிறாள்.